குழி குடித்த தண்ணீர்

செயற்கைப் புல் விரிக்க வந்தவளுக்குத் தொழில் வட்டாரத்தில் 'ஏன் அக்கா' என்று பெயர். ஜல்லிக் கடைக்காரரிலிருந்து லாரி ஓட்டுபவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை.

அந்த வீட்டின் பின்பக்கம் முழுக்கக் களிமண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். போன மழையில் வீட்டுக்காரர் அங்கேதான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது வாக்கரைத்தான் ஓட்டுகிறார், அதுவும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில். அவர் மனைவி பின்கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டார். செயற்கைப் புல் போட்டுத் தரை சமமாகும்வரை அந்தக் கதவு திறக்காது என்று கறாராகச் சொல்லியும் விட்டார். தான் நட்ட எலுமிச்சை மரம் பின்பக்க மூலையில் பூத்திருப்பதை டிரைவர் ஜன்னல் வழியாகவே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஏன் அக்கா பக்கச் சந்து வழியாக வந்தவுடன் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

"நாளைக் காலைக்குள்ள இது இறங்கிட்டா, மேலோட்டமாத் தோண்டினாப் போதும்மா. இந்த வாரமே விரிச்சுடலாம். நின்னுபோச்சுன்னா ஆழமா வெட்டணும், ஜல்லி கொட்டி இறுக்கணும், தண்ணி போக ஓட்டைக் குழாய் பதிக்கணும். மழைக்கு முன்னாடி முடியாது."

"மழைக்கப்புறமா?" ஜன்னலுக்குள்ளிருந்து டிரைவரின் குரல் பதறியது.

"என்ன ஐயா பண்றது? அடியில தண்ணி நின்னா மேல புல்லு குளத்துல போட்ட பாய் மாதிரி ஆயிடும்."

மறுநாள் காலை வந்து பார்த்தால் குழி காலி. களிமண்ணாவது, ஒரே நாளில் ஒரு வாளித் தண்ணீரைக் குடிப்பதாவது! வேறு யாராக இருந்தாலும் வேலை மிச்சம் என்று புல்லைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். அக்காவுக்குத்தான் மண்டை குடைந்தது. எலிவளை இருக்குமோ என்று கம்பியை விட்டுத் துழாவினாள். பழைய குழாய் ஏதாவது உடைந்து கிடக்கிறதா என்று குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மத்தியானம் வரைக்கும் விரற்கடை கூட இறங்கவில்லை.

ஆள் இருந்தால் குடிக்காத குழி, ஆள் போனபிறகு மட்டும் குடிக்குமா? புறப்படும் முன் குழியைச் சுற்றியும், அங்கிருந்து பின்கதவு வரைக்கும் நீர் தெளித்து, கரணையால் மண்ணை மழுமழுவென்று தேய்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் குழி மறுபடி காலி. ஆனால் இந்த முறை மண் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டது. கதவிலிருந்து குழி வரைக்கும் செருப்புத் தடம். இரு பக்கமும் வட்ட வட்டமாக வாக்கர் கால்கள் அழுந்திய குழிவுகள். அக்கா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். டிரைவர் தன் வீட்டு மின்விசிறியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. தடம் எல்லாமே குழியைப் பார்த்துத்தான் இருந்தது. திரும்பிப் போன தடம் ஒன்று கூட இல்லை. வந்த மனுஷன் எப்படி வீட்டுக்குப் போனார்?

தேநீரோடு வந்த வீட்டுக்கார அம்மாளும் அதைப் பார்த்துவிட்டார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏங்க! உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? சாவி எப்படிக் கெடைச்சுது?"

"நீ எதை ஒளிச்சாலும் தையல் பெட்டியிலதானே ஒளிப்பே," என்றார் டிரைவர். "நீ கடைக்குப் போனப்போ எடுத்தேன். குச்சியில பாத்ரூம் மக்கைக் கட்டி, நின்னுகிட்டே மொண்டு அந்தப் பக்கமா ஊத்திட்டேன்."

"அது கிடக்கட்டும் ஐயா. திரும்பி எப்படிப் போனீங்க?" அக்காவால் அடக்க முடியவில்லை.

"எங்க திரும்பினேன்? அன்னிக்குத் திரும்பும்போதுதானே விழுந்தேன். அதான் வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுத்துட்டேன். அம்மாம் பெரிய பஸ்ஸையே டெப்போவுக்குள்ள ரிவர்ஸ் எடுத்தவன்மா நான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து சொல்ல வேண்டியதை நினைத்ததும் வாய் கசந்தது.

"இந்தக் குழியை நம்பிப் புல்லைப் போட்டிருந்தா மொத மழையிலயே சேறாகியிருக்கும் ஐயா. ஆழமாத்தான் வெட்டணும். மழை முடிஞ்சுதான்."

டிரைவர் எலுமிச்சைப் பக்கம் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. அக்காவுக்குப் பாவமாக இருந்தது.

அந்த அம்மாள் குனிந்து, பின்கதவுப் படியிலிருந்து குழி வரைக்கும் தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு குதிகாலுக்குள் இன்னொரு குதிகால் அச்சாக உட்கார்ந்திருந்தது. சறுக்கிய கோடு எங்கேயும் இல்லை. இத்தனை மாதமாக விழுந்த மனிதரை மட்டுமே பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். விழாதவரின் நடை இப்போது காலடியில் கிடந்தது.

"எங்கயும் வழுக்கலையே," என்றார். கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அந்த அம்மாள் அக்காவின் பக்கம் திரும்பினார். "மழை முடியறவரைக்கும் எலுமிச்சைக்குப் போற மாதிரி பலகையாவது போட முடியுமாம்மா?" என்று கேட்டார். அக்கா அப்போதே வண்டியிலிருந்து பலகைகளை இறக்கினாள். அன்று முதல் சாவி கதவோரத்து ஆணியில், டிரைவரின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.

மழை ஓய்ந்ததும் ஆட்கள் வந்தார்கள். களிமண்ணை ஆழமாக வெட்டி எடுத்து, குழாய் பதித்து, ஜல்லி கொட்டி மெஷினால் இறுக்கி, மேலே புல்லை விரித்தார்கள். கடைசியாக அக்கா அந்த அம்மாளின் கையில் வாளியைக் கொடுத்து, ஊற்றிப் பார்க்கச் சொன்னாள். தண்ணீர் புல்லுக்குள் சலசலவென்று இறங்கி மறைந்தது. அந்த அம்மாள் நம்பாமல் குனிந்து கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

எலுமிச்சைப் பக்கமிருந்து டிரைவரின் சத்தம் வந்தது:

"சத்தியமா இந்தத் தடவை நான் மொள்ளலை!"