செயின் நன்றாக இருந்தது

1

இந்தக் கதை பல் டாக்டரின் நாற்காலியில் தொடங்கியது. கடைவாயில் பஞ்சை அடைத்துவிட்டு, நான் பேச முடியாத நேரமாகப் பார்த்து அவர் கேட்டார்: "நம்ம கிளப்புக்கு இந்த வருஷம் அம்பது வயசு. மலர் போடறோம். வரலாறும் சாதனைகளும்னு ரெண்டு பக்கம் நீங்கதான் எழுதணும். பழைய ஆளுங்கள்ல எழுதத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க?"

"ஆ" என்றேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பல் டாக்டர்தான் இப்போது எங்கள் கலைச் சைக்கிள் கிளப்பின் செயலாளர். நான் பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. சொந்தமாக இரண்டு பக்கம் என்றதும் கை ஓடவில்லை.

முதல் வரி இப்படி வந்தது: 'கலைச் சைக்கிள் என்பது உடலும் இயந்திரமும் ஒன்றாகி'. விட்டுவிட்டேன். அடுத்தது: 'ஆறே ஆறு பழைய சைக்கிள்களோடு அன்று'. எல்லா மலர்களிலும் ஆறே ஆறு ஏதாவது இருக்கும். மூன்றாவதாக, 'எங்கள் கிளப்பின் வரலாற்றில் ஒரு பொய் இருக்கிறது' என்று எழுதினேன். எழுந்து போய்த் துணி உலர்த்தினேன். திரும்பி வந்தபோதும் அந்த வரி அங்கேயே இருந்தது.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது மலருக்கு எழுதியது அல்ல. அதை எழுதும்போது வெளியே வழிந்தது.

2

முதலில் வரலாறு. (வரலாற்றை அவசரமாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்பார்கள். நான் அவசரமாகத்தான் சொல்லப் போகிறேன்.)

கிளப்பைத் தொடங்கியவர் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். விடுமுறைக்குப் போன ஊரில், ஓர் அரங்கத்துக்குள் ஆறு பெண்கள் சைக்கிளாலேயே தரையில் பூ வரைவதைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. "வட்டம் எனக்குத் தெரியும், சைக்கிள் உங்களுக்குத் தெரியும். அப்புறம் என்ன?" என்று பிள்ளைகளிடம் கேட்டாராம். பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் கயிறும் சாக்பீஸும் வைத்து வட்டம் போட்டார்.

அந்தச் சைக்கிளைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரேக் கிடையாது, மணி கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும். கைப்பிடி ஆட்டுக்கொம்பு போல மேல்நோக்கி வளைந்திருக்கும், ஏறி நிற்பதற்கு வசதியாக. ஐந்து நிமிடம். அதற்குள் செய்வதாக எழுதிக் கொடுத்ததையெல்லாம் செய்ய வேண்டும். தடுமாறினால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

சாதனைகள்: மாவட்டக் கோப்பைகள் பல. அப்புறம் ஒரு பாலத் திறப்பு விழா. பாலம் நடுவில் மேடாக இருக்கும் என்று டீச்சர் உட்பட யாரும் யோசிக்கவில்லை. நட்சத்திரமாக நின்ற ஆறு பேரில் மூன்று பேர் இந்தக் கரைக்கும் மூன்று பேர் அந்தக் கரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஆட்டமே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

இப்போதும் மழை நாளில் புது ரப்பர் வாசனை எங்கிருந்தாவது வந்தால் நான் அந்த ஹாலில் இருப்பேன். மரத்தரையில் டயர் திரும்பும் 'விர்' சத்தம். சுவரோரம் அடுக்கிய மெத்தைகள்மேல் உட்கார்ந்து ஷூவுக்குள் பவுடர் தட்டிக்கொள்ளும் அக்கா. "அடுத்தது யாரு, வேடிக்கை பார்க்கவா வந்தீங்க?" என்னும் டீச்சர் குரல். அந்த நாலரை மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகப் போடும். அதன்மேல் டயர் ஏறாமல் ஓட்டுவது எங்களுக்குள் ஒரு பந்தயம்.

நாடு முழுவதுக்குமான போட்டியில் எங்கள் கிளப் ஒரே ஒருமுறைதான் பரிசு வாங்கியிருக்கிறது. இரட்டையர் பிரிவில் மூன்றாம் இடம். நானும் என் அக்காவும். அப்போது எனக்குப் பதினாறு, அவளுக்குப் பத்தொன்பது. கிளப்பின் பழைய நோட்டில் டீச்சர் கையெழுத்தில் இருக்கிறது: 'இயந்திரக் கோளாறு காரணமாக முதலிடம் நழுவி மூன்றாம் இடம்.'

பொய் அதுதான்.

3

இயந்திரம் என்றால் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். கிளப்பின் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டவர். ஸ்பேனர் என்போம். இருபத்தைந்து வயது, சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. ஆறு வருடம் எங்கள் வண்டிகளில் ஒரு கம்பி கூடத் தளர்ந்ததில்லை. போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார். ஜன்னலோரம் இடம் இருந்தாலும் வரமாட்டார்.

அன்று ஐந்து நிமிடத்தில் நாலரை நிமிடம் எங்களுடையதாக இருந்தது. ஒரே சைக்கிள், இருவரும் அதன்மேல். பின்னால் ஓட்டினோம், எட்டுப் போட்டோம், எங்கும் தடுமாறவில்லை. கடைசியாக ஒன்றுதான் பாக்கி: அக்கா ஓட்ட, நான் அவள் தோளில் ஏறிக் கைகளை விரித்து நின்று ஒரு முழு வட்டம்.

ஏறினேன். அரை வட்டம் போயிற்று.

எனக்கு அன்று காலைதான் தெரியும். அக்காவுக்கு வேறு ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாரமாகத் தெரியும். போட்டி முடியட்டும் என்று என்னிடம் மட்டும் மறைத்திருந்தார்கள். ஹோட்டல் அறையில் அவள் பையில் சீப்புத் தேடும்போது கடிதம் கையில் கிடைத்தது. ஜெயித்துவிட்டுத்தான் போவேன் என்று அப்பாவிடம் அவள் சொன்னது முன்பே காதில் விழுந்திருந்தது; எங்கே என்று அப்போதுதான் புரிந்தது.

தோள்மேல் நிற்கும்போது என் பாதத்துக்குக் கீழே அவள் எலும்பு அசைவது தெரியும். இடது பெடலுக்கு இடது எலும்பு, வலதுக்கு வலது. ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடமும் இருப்பாள் என்று தோன்றியது. அவ்வளவுதான் யோசனை. நான் விழவில்லை. பின்பக்கமாக இறங்கினேன்.

(இந்தப் பத்தியை ஐந்து முறை மாற்றினேன். 'இறங்கிவிட்டேன்' என்று ஒருமுறை எழுதினேன். அந்த 'விட்டேன்' தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறது. எடுத்துவிட்டேன்.)

டீச்சர் எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். "என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "செயின் உதறுச்சு டீச்சர்."

டீச்சர் திரும்பி ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனர் வந்து குனிந்து, செயினை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "என் தப்புதான் டீச்சர். காலையில இறுக்கியிருக்கணும்" என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த மாதம் டீச்சர் சைக்கிள்களை வேறு கடைக்கு அனுப்பினார். அதற்கடுத்த மாதம் ஸ்பேனர் வரவில்லை. மலருக்காகப் பல் டாக்டர் கொடுத்த பழைய புகைப்படங்களில் அவரைத் தேடினேன். ஒரே ஒரு படத்தில், ஓரத்தில், அவருடைய முழங்கை இருக்கிறது.

அக்கா படிக்கப் போனாள். ஜெயிக்காமலே போனாள்.

4

இங்கே ஒரு சந்தேகம். அவர் உண்மையிலேயே என்னைப் பார்த்தாரா? இல்லை, நாற்பது வருடமாக நானே அவரை என் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேனா? பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: ஒரு வரியை அதிகம் பார்த்தால் இல்லாத எழுத்தும் இருப்பதாகத் தெரியும்.

நீங்கள் இன்னொன்றும் நினைத்திருப்பீர்கள். ஸ்பேனருக்கு அக்காமேல் ஏதோ இருந்திருக்கும், அதனால்தான் அவள் பொய்யைத் தாங்கிப் பிடித்தார் என்று. நானும் அப்படி நினைத்தேன். அரைப் பக்கம் எழுதியும் பார்த்தேன், பஸ்ஸில் அக்கா தூங்குவதை அவர் கண்ணாடியில் பார்ப்பதாக. வேண்டாம். தெரியாததை எழுதுவதைவிடக் கேட்டுவிடலாம்.

5

முதலில் அக்காவுக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். 'ஹலோ'விலேயே நாடி பிடித்துவிடுவாள்.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அக்கா, அன்னிக்கு ஏன் செயின்னு சொன்ன?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"வாயில வந்துச்சு. உன் மூஞ்சியப் பார்த்தேன், வந்துச்சு. பயந்து இறங்கிட்ட, பாவம்னு."

"நான் பயப்படல. நீ போயிடுவேன்னு இறங்கினேன். கடிதத்தைப் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"போகாம இருந்தேனா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்துக்குடி இறங்கின, பைத்தியம்" என்றாள். திட்டுவதாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது.

மலரில் எழுதப் போகிறேன் என்றதும் பழைய அக்காவாகிவிட்டாள். "எழுதாத. டீச்சருக்கு எண்பத்திரண்டு வயசு. மேடையில உக்கார வச்சு மரியாதை செய்யறாங்க. கையில மலரைக் குடுத்து, உங்க செல்லப் பொண்ணு வேணும்னே இறங்கினா, நீங்க தப்பில்லாத ஆளை அனுப்பிட்டீங்கன்னு படிக்கச் சொல்லுவியா?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் இடம் விடுகிறேன்.

6

ஸ்பேனர் இப்போது ஆஸ்பத்திரிகளின் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கிறார். கண்ணாடிக் கதவு போட்ட நீளமான பட்டறை. உள்ளே வரிசையாக நாற்காலிகள், உட்கார ஆள் இல்லாமல். தலை முழுக்க நரைத்திருந்தது. கை மட்டும் அதே கை.

"வாங்க, எந்த ஆஸ்பத்திரி?" என்றார். நான் யாரென்று சொன்னதும், "நீயா?" என்றார். அதன்பிறகு 'வாங்க' போய்விட்டது, நல்ல வேளையாக.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "நான் இறங்கினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ரெண்டு காலும் சேர்ந்து அழகா வந்து நின்ன. விழறவங்க அப்படியா விழுவாங்க?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? அக்காவுக்காகவா?"

அவர் சிரித்துவிட்டார். "உங்க அக்கான்னா எனக்குப் பயம். ஒரு தடவை பெடல் கிறீச்சுன்னு சத்தம் போட்டதுக்கு மூணு நாள் என்கூடப் பேசல. அதெல்லாம் ஒண்ணுமில்ல. சின்னப் பொண்ணு, அத்தனை பேர் முன்னாடி நின்னுக்கிட்டு இருந்த. நான் சம்பாதிக்கிறவன், ஒரு பேச்சு வாங்கினா போயிடும்னு நெனச்சேன்."

கையிலிருந்த சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டார்.

"அதோட போகல. டீச்சர் நம்பிட்டாங்க. அதை நான் எதிர்பார்க்கல. ஆறு வருஷம் என் வேலையைப் பார்த்தவங்க, இவன் செயினை அப்படி விடுவானான்னு ஒரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் காத்திருந்து பார்த்தேன்."

நான் மலரைப் பற்றிச் சொன்னேன். அக்கா வேண்டாம் என்றதையும் சொன்னேன். உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள் செய்த தியாகத்தை, என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தியாகம் கியாகமெல்லாம் வேண்டாம். செயின் நல்லா இருந்துச்சுன்னு எழுது. அது போதும்."

7

இனி முடிவு. இந்த மாதிரிக் கதைகளில் இரண்டு மூன்று முடிவு தருவது வழக்கம். என்னிடமும் இருந்தன. முதலாவதில் நான் டீச்சர் காலமாகும்வரை காத்திருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் அவருடைய சாவுக்கு நாள் பார்க்கிறேன் என்று உறைத்தது, கிழித்துவிட்டேன். இரண்டாவதில் 'இயந்திரக் கோளாறு காரணமாக' என்பதை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறேன். பிழை திருத்துகிறவளுக்குப் பொருத்தமான முடிவு. ஆனால் அப்படி நீக்கினால் செயின் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. செயினே இல்லை என்றுதான் ஆகும்.

எனவே நடந்ததைச் சொல்கிறேன். அச்சுக்குப் போகும் முன் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். காலை பதினொரு மணி. ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண் சரியில்லை என்பதால் நானே படித்துக் காட்டினேன். 'அன்று செயின் நன்றாக இருந்தது. நான் இறங்கினேன்' என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

"மறுபடி படி" என்றார். படித்தேன்.

பென்சிலைக் கீழே வைத்தார். என்னை ஒன்றுமே கேட்கவில்லை. ஏன் இறங்கினாய் என்றுகூட.

"நான் செயினைத் தொட்டுப் பார்க்கவே இல்லை" என்றார். "கணக்குப் போடறவ. விடை சரியான்னு பார்க்காம விட்டுட்டேன்." பிறகு, "அவன் எங்க இருக்கான்?"

"இங்கதான் டீச்சர், ஆஸ்பத்திரி ரோட்டுல."

"வண்டி கொண்டு வந்திருக்கியா?"

"டீச்சர், அவரையே இங்க கூட்டிட்டு வரேனே."

"அவன் எதுக்கு வரணும்?" என்று எழுந்து செருப்பைத் தேடினார்.

பட்டறை வாசலில் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். நீ வராதே என்று கையை எடுத்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஸ்பேனர் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். துணியில் கை துடைத்தார். சுற்றுமுற்றும் தேடினார். அங்கே வேறு நாற்காலி ஏது, வரிசையிலிருந்து ஒன்றை இழுத்து, சக்கரத்தைப் பூட்டி, இருக்கையைத் தட்டினார். டீச்சர் உட்கார்ந்தார். ஸ்பேனர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

இருபது நிமிடம். கதவு சாத்தியிருந்தது. திரும்பி வரும்போது டீச்சர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அச்சுக்கு அனுப்பிய தாளைப் படித்துவிட்டுப் பல் டாக்டர் போன் செய்து, "இயந்திரக் கோளாறு இல்லைன்னா வேற என்ன கோளாறுன்னு போடறது?" என்று கேட்டார். எழுதியிருப்பதை அப்படியே போடச் சொன்னேன்.

அந்த இருபது நிமிடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டீச்சர் அழுகிறார். ஒன்றில் ஸ்பேனர். ஒன்றில் இருவரும் பாலத் திறப்பு விழாவை நினைத்துச் சிரிக்கிறார்கள். மூன்றுமே நன்றாகத்தான் வந்தன. ஆனால் எதைப் படித்தாலும் கடைசியில் இருவரும் சேர்ந்து என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். அந்த அறையில் உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை, அதனால் உங்களால் முடியும்.