ஜூன் மாத இலக்கு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மாலை ஆறரை மணிக்கு, மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்த பேருந்திலிருந்து கண்டக்டர் மறைந்து, நாலு கிலோமீட்டர் தள்ளி, மூன்றாம் மாடியில் இருந்த தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் பை தொங்கியது. விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள் இருந்தன. 'டிக்கெட்' என்று பேருந்தில் ஆரம்பித்த சொல்லின் கடைசி எழுத்தை வீட்டில் சொல்லி முடித்தார். வண்டியில் அப்போது அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். போக்குவரத்துக் கழகத்துக்குப் போன புகார் ஒன்றே ஒன்றுதான். பின்படிக்கட்டுப் பக்கம் நின்ற ஒருவருக்கு மீதிச் சில்லறை வரவில்லையாம். ஓடும் வண்டியிலிருந்து முன்அனுமதியின்றி வெளியேறியது ஏன் என்று கழகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. தொடர்ந்து நாலு நாள் இதே நேரத்துக்கு இதே போல் நடந்ததும், விசாரணை வைப்பதைவிட ஷிஃப்ட்டை மாற்றுவது சுலபம் என்று கண்டுகொண்டு, அவரைக் காலை வேலைக்குப் போட்டார்கள்.

காரணம் வீட்டம்மாதான். அவர் குடைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பி எத்தனை, கைப்பிடி எத்தனை, கறுப்புத் துணி எத்தனை மீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர். டிசம்பரில் தொழிற்சாலை மூடியது. இனி ஒரு சம்பளம்தான் என்றானதும், தொழிற்சாலையின் கடைசிக் காலண்டரைத் திருப்பிப்போட்டு, பின்பக்க வெள்ளையில் பன்னிரண்டு கட்டம் கிழித்து, மாதத்துக்கு ஒரு இலக்கு எழுதிச் சமையலறைச் சுவரில் மாட்டினார். ஜனவரி: வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பட்டியல் எடுப்பது. பட்டியல் ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு உருப்படிகளோடு முடிந்தது. பிப்ரவரி: ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், இடத்துக்கு ஒரு சீட்டு. கத்தரிக்கோலுக்கு ஆணி, சாவிக்குக் கொக்கி, ஊசிக்குத் தீப்பெட்டி. ஹாலில் இருந்த நாற்காலியின் முதுகில், 'கண்டக்டர், மாலை 6.30 முதல்' என்று ஒட்டினார். எல்லோரும் இலக்கு எழுதுவார்கள், வீடு அதைக் காதில் வாங்காது. இந்த வீடு வாங்கிக்கொண்டது. இரவல் போன இடுக்கி எதிர் வீட்டிலிருந்து தானாகக் கிளம்பி வந்து ஆணியில் தொங்கியது. அந்த வீட்டுத் தையல்காரம்மா மட்டும், "கேட்டா நானே குடுத்திருப்பேனேக்கா" என்று ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

மார்ச் மாதத்து இலக்கு, புதிதாக எதுவும் வாங்காமல் சமாளிப்பது. பற்பசைக் குழாய் மே மாதம்வரை வந்தது. குளியல் சோப்பு தேயாமல் எழுத்துகூட அழியாமல் கிடந்தது, அழுக்கும் போகவில்லை. ஏப்ரலில் மின்சாரம், தண்ணீர் எல்லாம் குறைத்து முடித்துவிட்டதால் குறைக்க வேறொன்றும் கிடைக்காமல், 'வெட்டிப் பேச்சைக் குறைப்பது, ஆளுக்கு நாளைக்கு நாற்பது வார்த்தை' என்று எழுதினார். முதல் தேதியிலிருந்து, நாற்பத்தொன்றாவது வார்த்தைக்கு உதடு மட்டும் அசைந்தது. கண்டக்டர் பஸ்ஸில் விசிலை வைத்து ஓட்டினார். கண்டக்டரின் தம்பி, அதாவது வீட்டம்மாவின் கொழுந்தன், 'ஒரு வாய்ப்பு வரட்டும்' என்று சொல்லிக்கொண்டு ஒன்பது வருஷமாக அந்த வீட்டு சோபாவில் படுத்திருந்தவன், இரண்டாவது டீ கேட்பதற்குள் அன்றைய கையிருப்பைக் காலி செய்துவிடுவான். மாதம் முடிந்ததும் இலக்கும் முடிந்துவிடும் என்று அவன் நம்பியிருந்தான். முடிந்தது மாதம் மட்டும்தான். எழுதியது எழுதியதுதான் என்று வீடு பிடிவாதமாக இருந்தது.

பேர் பரவியது. மூன்று தெருத் தள்ளியிருந்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து காலண்டரைப் பார்த்துப் போனார்கள். குடியிருப்போர் சங்கம், சிக்கனத்தைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தி, இரண்டாயிரம் பேருக்கு நோட்டீஸ் அடித்து, பந்தல் போட்டு விழா எடுத்தது. ஏற்புரையில் வீட்டம்மா, "நன்றி. நோட்டீசை ஒரு பக்கம் மட்டும் அடிச்சிருக்கலாம், மறுபக்கம் எழுத ஆகும்" என்றார். கைதட்டல் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவருக்கு உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொழிற்சாலை போன பிறகு, கைக்கு அடங்கிய ஒன்று தன்னிடம் இருக்கிறது என்கிற சந்தோஷம் அது.

ஜூன் மாதக் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது, 'ஒரு வருஷமாகப் பயன்படாத எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது' என்பது. மூடியில்லாத டப்பாக்களையும் டப்பாவில்லாத மூடிகளையும் நினைத்துத்தான் எழுதினார். முதல் தேதி காலை அவை போயின. மதியத்துக்குள் கண்டக்டரின் கல்யாணக் கோட்டும், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளும், உடற்பயிற்சி சைக்கிளும் போயின. இரண்டாம் தேதி கொழுந்தனுக்குக் கால் விரல்கள் தெரியவில்லை. மூன்றாம் தேதி முழங்கால்வரை சோபா உறைதான் தெரிந்தது. வலியில்லை என்றான். ஆனாலும் அன்று பிற்பகலே, இல்லாத காலில் செருப்பை மாட்டிக்கொண்டு தட்டுத்தடுமாறி இறங்கிப் போய், கடைவீதி மரச்சாமான் கடையில் காவல்காரனாகச் சேர்ந்தான். ஒன்பது வருஷமாக அண்ணனாலும் அண்ணியாலும் முடியாததை ஒரு காலண்டர் இரண்டே நாளில் செய்தது. ஒரு வாரத்தில் கால் பழையபடி வந்துவிட்டது, இடது சுண்டுவிரலைத் தவிர.

நாலாம் தேதி மகளின் அறை போயிற்று.

மகள் அந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. வங்கி வேலையை உதறிவிட்டுப் படகு மோட்டார் ரிப்பேர் செய்யும் பட்டறையில் சேரப்போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, வீட்டம்மா, "வீட்டுக்கு உபயோகமில்லாத ஜென்மம்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்ன சொல். ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அன்றிலிருந்து அறையை யாரும் திறக்கவில்லை. நாலாம் தேதி பார்த்தால் கதவு இருந்த இடத்தில் பென்சில் கோடு போட்டது போல ஒரு விளிம்பு மட்டும் இருந்தது. ஆறாம் தேதி அதுவும் போய்ச் சுவர் வழவழவென்று ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றாம் மாடி மட்டும் வயிற்றை எக்கிப் பிடித்தது போல உள்ளே போயிருந்தது. நகராட்சி ஆள் டேப்போடு வந்து அளந்து, நூற்றிருபது சதுர அடி குறைவு என்று குறித்துக்கொண்டு, வரியைக் குறைத்து ரசீது கொடுத்தார். "எல்லாரும் கூட்டித்தான் கட்டறாங்க. நீங்க ஒருத்தர்தான் குறைச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டும் போனார்.

வீட்டம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. போனில் மகளின் எண்ணைத் தேடினார். மூன்று வருஷமாகக் கூப்பிடாத எண், அது எப்படி இருக்கும்? எதிர் வீட்டில் போய், "என் பொண்ணு ரூம் போயிடுச்சு" என்றார். தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை இறக்கிவிட்டு, "எந்தப் பொண்ணுக்கா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கண்டக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு மூன்று வார்த்தைதான் பாக்கி இருந்தது. "நமக்கு ஒரு பொண்ணு இருந்துச்சா?" என்று ஆரம்பித்தார். கடைசிச் சொல் உதட்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் கேள்வி வீட்டம்மாவுக்குக் கேட்டது. சரக்கு போனால் கணக்கில் எழுதலாம், கணக்கே போனால் எங்கே போய் எழுதுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மகள் இருந்த படகுத்துறை ஊர் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். விலாசம் எழுதிய சீட்டும் போயிருந்தது. ஆனால் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்கு ஒரு தடவை பார்த்த விலாசம் மறக்காது. பன்னிரண்டாம் தேதி இரண்டு மணி வண்டியில் ஏறினார். ஆறரை நெருங்க நெருங்க, தானும் பாதி வழியில் இழுபட்டுச் சமையலறையில் போய் நிற்கப்போகிறோம் என்று முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆறரை ஆயிற்று, ஆறே முக்காலும் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு உருப்படியில் தன்னைச் சேர்க்கவே இல்லை. கண்டக்டருக்குக்கூட ஒரு நாற்காலி ஒதுக்கியவர், தனக்கென்று ஒரு மூலையும் எழுதியிருக்கவில்லை. அது கொஞ்சம் அவமானமாகவும், அந்த நேரத்துக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

டிக்கெட் கேட்டதிலும், பட்டறைக்கு வழி விசாரித்ததிலும், தவறான வழி சொன்னவருக்கு நன்றி சொன்னதிலும் முப்பத்தொரு வார்த்தை செலவாகிவிட்டது. ஒன்பது பாக்கி. பட்டறையில் மகள் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு, முழங்கைவரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். விளக்கொளி அவள் தோளைத் தாண்டாமல் தோள் வழியாகவே போய்ப் பின்னால் இருந்த டின்களில் விழுந்தது. ஐந்து மணி நேரமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், வீட்டம்மாவின் வாயில் வந்தது, "சாப்ட்டியா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு வருஷம் கழிச்சு வந்து கேக்கற கேள்வியா இது? என்ன, ஸ்டாக் எடுக்க வந்தியா?"

"நான் சொன்னது தப்பு."

"எதும்மா? நிறைய சொன்னியே."

"உன் ரூம் காணாமப் போச்சு."

மகள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "போனாப் போகட்டும். எனக்கு இங்க ரூம் இருக்கு. நான் வரலைம்மா. வர வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு மோட்டார் குடுத்தாகணும். ஒரு வாரமா இங்க ஓனருக்கே நான் இருக்கறது தெரிய மாட்டேங்குது, சம்பளம் போட மறந்துட்டார். இதுல நீ வேற."

வீட்டம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. 'வா' என்று சொல்வதற்காகத்தான் அதை வைத்திருந்தார். வரமாட்டேன் என்று சொன்னவளிடம் அதைச் செலவழித்து என்ன பயன்? அதற்குப் பதில், "இருக்கட்டுமா?" என்றார்.

மகள் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். அதன் பிறகு வீட்டம்மாவின் உதடுகள்தான் அசைந்தன, சத்தம் வரவில்லை. குறுக்கே பேசாத அம்மாவை மகள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். மூன்று வருஷத்துக் கதையையும், திட்ட வேண்டியதையும், அழ வேண்டியதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடித்தாள்.

வீட்டம்மா பதினெட்டு நாள் இருந்தார். படகுத்துறையை ஒட்டித் தரைத்தளத்தில் மகள் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறை அது. சோற்றுப் பானைக்குள் ஸ்பார்க் பிளக், தலையணைக்கடியில் அரம். கை பரபரத்தது, அடுக்கவில்லை. முதல் இரண்டு நாள் அடுக்கப் போய்த் திட்டு வாங்கினார் என்பதும் உண்மை. மூன்றாம் நாளிலிருந்து பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தார். 'பதினாலு', 'பன்னெண்டு' என்று மகள் கை நீட்டுவாள், கேட்டு முடிப்பதற்குள் கையில் இருக்கும். அந்த வாரக் கடைசியில் ஓனர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து இரண்டு வாரச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தார். மகளுக்கு நிழல் விழ ஆரம்பித்தது. முப்பதாம் தேதி வீட்டம்மா கிளம்பினார். மகள் பஸ் ஏற்றிவிட வந்தாள். "அடிக்கடி வா" என்று அவள்தான் சொன்னாள்.

பயன்படாதது வீட்டில் இருக்கக் கூடாது என்றால், பயன்படுவது வீட்டில் இருக்க வேண்டும் என்று அந்த வீடு கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஜூலை முதல் தேதி காலை, வழவழச் சுவரில் ஒரு கதவு இருந்தது. பழைய கதவு இல்லை. உப்புக்காற்றில் உரிந்த நீலப் பெயின்ட். திறந்தால் சோற்றுப் பானையும் ஸ்பார்க் பிளக்குமாக அந்த வாடகை அறை அப்படியே இருந்தது. பாயில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பாப்பா எப்ப வந்தா?" என்றார். மூன்று வார்த்தையும் கேட்டன. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னம்மா இது?" என்றாள். "தெரியல. டீ குடிக்கிறியா?" என்றார் வீட்டம்மா. குடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஜன்னல் வழியாகப் படகுத்துறையில் இறங்கி வேலைக்குப் போனாள்.

வீட்டம்மா ஏப்ரல் கட்டத்தை நன்றாகத் தேய்த்து அழித்தார். இலக்கு எழுதுவதை விடவில்லை, ஆனால் அதற்கப்புறம் பென்சிலில்தான் எழுதினார். படகுத்துறை ஊர் வீட்டுக்காரர் தன் வீட்டில் ஒரு அறை குறைவதாகப் போலீசில் எழுதிக்கொடுத்தார். வாடகை தவறாமல் வந்ததால் தொடர்ந்து விசாரிக்கச் சொல்லவில்லை. நகராட்சி ஆள் மறுபடி டேப்போடு வந்து, அறையை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். பதில் வரும்வரை இரண்டு ஊரிலும் வரி போட்டார்கள். மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தால் படகும் தண்ணீரும் தெரிவதைப் பற்றி முதல் வாரம் பேசினார்கள். அப்புறம் தையல்காரம்மா ஈரத்துணி வாளியோடு வந்து, "அக்கா, அந்த ஜன்னல்ல கொஞ்சம் போட்டுக்கட்டுமா? உங்க பக்கம் நல்ல காத்து" என்று கேட்டார். மகள் கொடி கட்டிக்கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. இப்போது கீழே உள்ள இரண்டு மாடிக்காரர்களும் அங்கேதான் காயப்போடுகிறார்கள்.