வெலிச்காவின் வீட்டுக்கடியில் ஒரு வாசல்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை என் பென்சிலில் பிறந்தது. டான்யூபின் பல்கேரியக் கரையில், ரோமானியர் கட்டிய எல்லைக் கோட்டையின் மேல்தான் எங்கள் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அகழாய்வுக் குழுவுக்கு வரைபடம் போடுபவன் நான். வடக்கு மதில் தெரிந்தது, வாசல் தெரியவில்லை. "உத்தேசமாப் போடுப்பா" என்றார் இயக்குநர் லாசரோவ். நான் போட்ட புள்ளிக்கோடு வெலிச்காவின் சமையலறை வழியே போயிற்று.

2

"பனி மூடிய காலையில் ரோமப் படைவீரன் ஒருவன்..."

(வேண்டாம். படைவீரனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன்.)

வெலிச்காவுக்கு வயது அறுபத்தொன்று. கணவர் போனபின் தனிக்கட்டை. வீட்டை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற நோட்டீசுடன் எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்னடா தம்பி?"

"வாசல், அக்கா. இருக்கலாம்னு..."

"இருக்கலாமா? என் அடுப்பு இருக்குதே, அத ஏன்டா போடல?"

இந்தக் கதையின் முதல் பிரதியில் இதற்குப் பதில் சொல்லியிருந்தேன். உண்மையில் தாளைச் சுருட்டினேன்.

3

மே மாதம் வீட்டை இடித்தார்கள். மூன்று மீட்டர் தோண்டினோம். ஆற்று மணல். மதில் ஐம்பதடிக்கு முன்பே ஆற்றுப் பக்கம் திரும்பிப் போயிருந்தது. கிடைத்ததெல்லாம் அவள் மாமியார் காலத்துப் பீங்கான் உடைசல். "பிற்காலக் குப்பைன்னு எழுது" என்றார் லாசரோவ். எழுதினேன்.

(வாசல் கிடைப்பதாகவும் ஒரு வடிவம் வைத்திருந்தேன். அதில் வெலிச்கா பெருமைகூடப் பட்டாள். வெட்கக்கேடு.)

இடத்தையாவது திருப்பிக் கேட்டாள். பாதுகாக்கப்பட்ட பகுதி, தர முடியாது என்று பதில் வந்தது.

4

நகரத்தில் அவளுக்கு ஒதுக்கிய நான்காம் மாடி வீட்டுக்கு இந்தப் பிரதியோடு போனேன். வாசித்தேன். குழியின் விளிம்பில் அவள் அழும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் எப்படா அழுதேன்?"

"இல்லக்கா, கதைக்கு..."

"வீட்டத்தான் எடுத்துக்கிட்டீங்க. கண்ணீரும் வேணுமா? அடி அத."

அந்த வரியை அடித்தேன்.

"என் பேரு இருக்கு. அந்த லாசரோவ் பேரு இருக்கு. உன் பேரு எங்கடா?"

இதற்குமேல் ஐந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஐந்திலும் என்னை மன்னித்துவிடுகிறாள். எழுதுவது நானல்லவா!

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் கிராசிமிர் தெனேவ்.