ஜாஸ் இசைத்தட்டும் ஒரு விசைத்தறியும்

சேலத்து ஸ்டுடியோவின் கதவை இழுத்துச் சாத்தியதும் மூன்று பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆர்கன் வாசிக்கும் சென்னிமலை எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிடார் வேலுசாமி செருப்பைக் கழற்றினான். டிரம்ஸ் காளியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருங்க போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

கேட்டதில் தப்பில்லை. குமாரபாளையத்தில் அவர்கள் தெருவில் விசைத்தறிகள் இராப்பகலாக ஓடும். சாவு விழுந்தால்தான் நிறுத்துவார்கள். கரண்டு போனால்கூட வசவுச் சத்தமாவது கேட்கும். பஞ்சு ஒட்டிய இந்த அறையிலோ ஈ பறக்கும் ஓசைகூட இல்லை. துள்ள வேண்டிய பாட்டு ஒப்பாரியாக வந்தது.

சென்னிமலைக்கு அழுகை முட்டியது. நூல் வாங்க பம்பாய் போன இடத்தில் ஜாஸ் கேட்டுப் பித்துப் பிடித்து வந்தவன். அதற்கப்புறமும் கல்யாண மேடைகளில் சினிமாப் பாட்டையே வாசித்து வயிறு எரிந்தவன். ஆயுசில் சொந்தமாக ஒரே ஒரு இசைத்தட்டு, அவ்வளவுதான் ஆசை. ஆர்கனோ ஏற்காட்டு பங்களா ஒன்றில் கெஞ்சி வாங்கியது. மறுநாள் சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் காலையில் சென்னிமலை வீட்டுத் தறி லாரியில் வந்து இறங்கியது. அதை ஓட்ட அவன் மனைவி சௌந்திரமும் வந்தாள்.

"இது ஸ்டுடியோங்க, தறிப்பட்டறை இல்லீங்க," என்றார் ஒலிப்பதிவாளர் மணியன்.

"தறி வெளிய வராந்தாவுலதானுங்க ஓடும். நீங்க கதவ மட்டும் தொறந்து வெச்சுக்குங்க," என்றான் சென்னிமலை. கதவைத் திறந்து வைக்கவா இத்தனை பஞ்சு ஒட்டினேன் என்று மணியன் தலையில் அடித்துக்கொண்டார்.

தறி ஓடியதும் மூவருக்கும் உயிர் வந்தது. காளியண்ணனின் கை பறந்தது. ஒரே தொல்லை, தார்க்குச்சியில் சுற்றிய நூல் தீர்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் மூன்று பேரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சௌந்திரம் வேறு தார் போட்டு ஓட்டிய பிறகுதான் உட்காருவார்கள்.

கடைசிப் பாட்டின்போது ஏற்காட்டு ஆட்கள் ஆர்கனைத் தூக்க வாசலுக்கே வந்துவிட்டார்கள். சென்னிமலை தனியாக வாசிக்கும் இடம். விரல்கள் அவனைக் கேட்காமலே ஓடின. இப்படி ஒரு வாசிப்பு அவனுக்கு வாய்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து, வாசலுக்கு அந்தப் பக்கம் தறியில் நெடுக ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது.

திறந்த கதவு வழியாகப் பார்த்த சென்னிமலை போச்சு என்று நினைத்தான். அறுந்த இழையோடு தறியை ஒரு விரற்கடைகூட ஓட விடாதவள் சௌந்திரம். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்து நிறுத்துவாள். அவள் கை தறியை நிறுத்தும் கைப்பிடிக்குப் போனது. அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தறி ஓடியது.

வாசித்து முடித்து வெளியே ஓடி வந்தான். தறியில் நெய்துகொண்டிருந்த வேட்டியில் முழ நீளத்துக்குக் கோடாகக் குறை விழுந்திருந்தது.

"ஏஞ் சௌந்திரம், நிறுத்தாம உட்டுட்டே?" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிறுத்துனா எந்திரிச்சு நின்னுக்குவீங்கல்ல," என்றாள். துணியைத் தடவிப் பார்த்தாள். "இத ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. உங்க பாட்ட மட்டும் வாங்கிருவாங்களாக்கும்."