பெட்டி இரண்டாம் முறை சுற்றியபோது

வாக்குப்பெட்டியின் இழுப்பறையை வீரராகவன் வெளியே இழுத்தபோது, வெள்ளைக் குண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கறுப்பு உருண்டு வந்து அவர் விரலருகே நின்றது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பழகியதுதான். ஃப்ரீமேசன் ரகசியச் சங்கத்தின் கிளையான இந்த லாட்ஜில், தலைவரான மாஸ்டரின் நாற்காலியில் அவருக்கு இது நான்காவது வருடம். வருடத்துக்கு ஒருவர் மாற வேண்டிய நாற்காலி. தேர்தலன்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கடைசியில் எல்லாக் கைகளும் அவர் பக்கமே திரும்பும். அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, வெள்ளைக்கார ரயில்வே அதிகாரிகள் விட்டுப்போன சடங்கு வார்த்தைகளை இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டுப் போவார்.

உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாததால், கவரைப்பேட்டையில் இந்தக் கட்டடத்தைத் தலைவெட்டிக் கோயில் என்பார்கள். வெட்டுவதற்கு இங்கே தலைகள்தான் இல்லை. ஏழு பேர் கூடினால்தான் லாட்ஜைத் திறக்கலாம். மிச்சமிருப்பதே ஏழு பேர். அதிலும் செயலாளர் துளசிராமன் அடுத்த மாதம் பெங்களூரில் மகளோடு இருக்கப் போகிறார். அதற்குள் புது ஆள் சேராவிட்டால், சுவரில் மாட்டியிருக்கும் அனுமதிச் சாசனத்தைக் கழற்றி மதராஸ் தலைமையிடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். புதுத் தொழிற்சாலைகளின் எஞ்சினியர்கள் சனிக்கிழமையானால் ரயிலேறிவிடுகிறார்கள். அதனால்தான் துலுக்காணத்தை வீரராகவனே முன்மொழிந்தார். பழவேற்காடு ஏரியில் வலை வீசிய குடும்பம். இப்போது புதுவாயலில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கிறார்.

“நம்மள சேத்துக்குவாங்களா சார்?” என்று துலுக்காணம் கேட்டபோது, “உள்ள வந்துட்டா எல்லாரும் பிரதர்தான்யா,” என்று சொல்லியிருந்தார். சொல்லும்போது அதைத் தாமே நம்பினாரா என்று வீரராகவனுக்கு இப்போது நினைவில்லை.

துலுக்காணம் வெளியறையில் இருந்தார். மோதிரமும் கடிகாரமும் கழற்றிவைத்து, பேண்ட்டின் ஒரு காலை முழங்கால் வரை சுருட்டி, கண்கட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, சடங்குக்குத் தயாராகக் காத்திருந்தார்.

ஒரு கறுப்பு போதும், ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம். போட்டது யார் என்று கேட்கக் கூடாது. ஆனால் கை தவறியிருக்கலாம் என்பதற்காக, மாஸ்டர் விரும்பினால் பெட்டியை இன்னொரு முறை சுற்ற விடலாம்.

“கைதான் தவறியிருக்கும்பா,” என்றார் அரிசி ஆலைச் சுப்பராயன். “இந்த வெளிச்சத்துல வெள்ள இன்னா, கறுப்பு இன்னா.”

போன வாரம் “லாட்ஜுல இனிமே கருவாடு வாசன தூக்கும்” என்று சிரித்தவர் அவர்தான். வாய்விட்டுச் சொல்கிறவன் இருட்டுப் பெட்டிக்குள் எதற்குப் போட வேண்டும்? அப்படிப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமலிருந்த ஒவ்வொருவரையும் சந்தேகப்பட வேண்டும். யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

“இன்னொருவாட்டி சுத்துங்க,” என்றார்.

துளசிராமன் எழுந்து போய்க் கதவை ஒரு விரற்கடை திறந்தார். வெளியே வாளோடு நிற்கும் காவல்காரர் குப்புராஜுக்குக் காது மந்தம். “அவர இன்னும் கொஞ்சம் குந்தவெய்யி. பெட்டி மறுபடியும் சுத்துது!”

“ஏன் சார், கறுப்பு வியுந்துச்சா?” குப்புராஜின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

துளசிராமன் சட்டென்று கதவைச் சாத்தினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பெட்டி ஒவ்வொருவராகச் சுற்றிக் கடைசியில் வீரராகவனிடம் வந்தது. குண்டுத் தட்டின் மேல் அவர் கை நின்றது. ஒரு கறுப்பு போதும். இந்த நாற்காலி, சாவிக்கொத்து, ஒவ்வொரு முறையும் ஏழு பேரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் இன்றோடு முடிந்துவிடும். போட்டது யாரென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். விரல்கள் கறுப்பைத் தொட்டன. தொட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு வெள்ளையை எடுத்துப் போட்டார்.

இழுப்பறையில் எல்லாமே வெள்ளை.

“நான் சொல்லல?” என்று சுப்பராயன் தொடையில் தட்டிக்கொண்டார். “சும்மா ஒரு பேஜாரு.”

உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். புது ஆள் தயாராக நின்றால் வெளியிலிருந்து மூன்று தட்டு வர வேண்டும். ஒன்றுதான் வந்தது.

லாட்ஜ் திறந்திருக்கும்போது மாஸ்டர் நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது. வீரராகவன் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். குப்புராஜ் வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

“ரெண்டாவது வாட்டி சுத்துனா இன்னா அர்த்தம்னு கேட்டாரு சார். நான் சொன்னேன். அப்பால மோதிரத்தப் போட்டுக்கினு பூட்டாரு.”

துலுக்காணம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கண்கட்டுத் துணி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“மாஸ்டர், வந்து குந்துங்க. நீங்க இல்லாம லாட்ஜ மூட முடியாது,” என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

வீரராகவன் வாசற்படியிலேயே நின்றார். சாய்ந்த வெயிலில், நெடுஞ்சாலைக்குப் போகும் மண் பாதையில் துலுக்காணம் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார். பேண்ட்டின் ஒரு கால் இன்னும் முழங்கால் வரை சுருட்டியபடியே இருந்தது.