வியாழக்கிழமை அலை

கடல் மட்டப் பதிவிலிருந்து நிலவு எழுப்பும் அலைகளையும் சூரியன் எழுப்பும் அலைகளையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சக் கூடாது. ரோத்தியாவுக்கு மிஞ்சியது.

பசிபிக் தீவான தராவாவின் பேசோ துறைமுகத்தில் ஏற்ற வற்ற அட்டவணை போடுவது அவள் வேலை. மிஞ்சியதை மறுபடியும் பிரித்துப் பார்த்தாள். ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு புடைப்பு, அதுவும் வியாழக்கிழமை பிற்பகலில் மட்டும்.

கடல் மட்டத்தை அளக்கும் கருவியைப் பராமரிக்கும் யோத்தேபா, அது பழசாகிவிட்டது, புதுசுக்கு எழுதிப்போட வேண்டியதுதான் என்றார். கப்பலில் வந்து சேர ஆறு மாதமாகும்.

"பழுதுக்குக் கிழமை தெரியுமாண்ணே? நிலாவுக்கே தெரியாது."

"அப்ப வாராவாரம் வியாழக்கிழமை கடல் எந்திரிச்சு நின்னு கும்பிடுதாக்கும்."

அவள் இரண்டு வருஷத்துப் புடைப்புகளையும் அடுக்கி, அந்த வாரத்துக்கான நேரத்தைக் கணித்தாள். இரண்டு மணி பத்து நிமிடம். வராவிட்டால் விண்ணப்பத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள்.

வியாழனன்று இருவரும் தூண்கள்மேல் நிற்கும் துறைமுக மேடையின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கருவி, தண்ணீர்மேல் கதிரைப் பாய்ச்சித் தூரத்தை அளந்துகொண்டிருந்தது. இரண்டு பத்து ஆயிற்று. ஒன்றுமில்லை. யோத்தேபா தொண்டையைக் கனைத்தார். ரோத்தியாவுக்கு முகம் சுட்டது.

இரண்டு பதினாலுக்கு ஒரு சின்னப் படகு மேடையின் நிழலுக்குள் நுழைந்தது. அதிலிருந்த பெரியவர் தூணில் கயிற்றைக் கட்டி, கருவிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். பாவம், கருவி அவரைக் கடல் என்று நினைத்து அளக்கத் தொடங்கியது.

"நாலு நிமிஷம் பிந்திருச்சு," என்றார் யோத்தேபா. அவருடைய தோள் குலுங்கியது.

பெரியவர் பெயர் புவேரே. ரோத்தியா மேலிருந்து கூப்பிட்டு விசாரித்தாள். வியாழக்கிழமையானால் வீட்டில் அவர் மனைவி நடத்தும், எண் கூப்பிட்டு ஆடும் பிங்கோ ஆட்டமாம்.

"பதிமூணு பொம்பளைங்க, மகளே. ஒவ்வொரு நம்பருக்கும் கூரை பிச்சுக்கிட்டுப் போவுது. மனுசன் எங்கதான் தூங்குறது?"

அவள் யாரென்று தெரிந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உன்னோட அட்டவணைதானா அது? போன மாசம் தண்ணி இருக்குன்னு நம்பிப் போனேன். ரெண்டு விரக்கடை குறைச்சல். மதியம் பூரா சேத்துல குந்தியிருந்தேன்."

ரோத்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இரண்டு விரற்கடையில் ஒரு பங்கு அவருடைய வயிறுதான் என்பதை எப்படிச் சொல்வது? கடைசியில் சொல்லியே விட்டாள். அவர் தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

ஆறு தூண் தள்ளி நிழல் இன்னும் அடர்த்தி என்று அவள் காட்டியதும், அவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். போகும்போது ஓலையில் கோத்த மீன் நாலை யோத்தேபாவை நோக்கி வீசினார்.

அடுத்த மாதம் பழைய பதிவிலிருந்து வியாழக்கிழமைகளை நீக்கிவிட்டு ரோத்தியா கணக்கை மறுபடி போட்டாள். புதிய அட்டவணையின் முதல் படியைப் புவேரேயின் வீட்டுக்கே எடுத்துப் போனாள். அவள் போன நாளும் ஒரு வியாழன். அவர் இல்லை. வாசலில் நின்றவளை அவர் மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பதினாலாவது ஆளாக உட்காரவைத்தாள். எந்த எண் வரும் என்று மட்டும் ரோத்தியாவால் கடைசிவரை கணிக்க முடியவில்லை.