உறையாத பால்

பானையைத் திறந்ததுமே யூஜினுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று உறை ஊற்றிய பால் அப்படியே தண்ணீராகக் கிடந்தது. இந்த வாரம் முழுக்க இதே கதை.

மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் அவன்தான். ஜப்பான்காரன் வந்த பிறகு மருந்து அலமாரி காலி. வயிற்றுக்கடுப்பில் ரத்தமாகப் போகிறவர்களுக்கு அவனால் கொடுக்க முடிந்தது மரவள்ளிக் கஞ்சியும் தயிரும்தான். கஞ்சியை ஒதுக்கினவர்கள்கூடத் தயிரை வாங்கிக் குடித்தார்கள். இப்போது அதுவும் போச்சு.

பால் கொண்டுவந்த காளியம்மாவை வராந்தாவிலேயே நிறுத்தினான்.

"பால்ல தண்ணி கலக்குறீங்களா?"

"இல்லைங்க ஐயா. பசும்பால் அப்படியேதான்."

"அப்புறம் ஏன் உறைய மாட்டேங்குது? பொய் சொல்லாதீங்க."

படுத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். காளியம்மா செம்பை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வரவில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டுச் சந்தனசாமியிடம் கெஞ்சிப் பால் வாங்கினான். தானே காய்ச்சினான், தானே உறை ஊற்றினான். அதுவும் தண்ணீர்தான். அப்போதுதான் கோளாறு பாலில் இல்லை என்று அவனுக்கு உறைத்தது.

சிங்கப்பூரில் பயிற்சியில் இருந்தபோது டாக்டர் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. கிருமிகளையும் தின்னும் வைரஸ் உண்டு, பாக்டீரியோபேஜ் என்று பேர், மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் தெரியாது. வயிற்றுக்கடுப்பு நோயை அதை வைத்தே ஒருநாள் குணப்படுத்தலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். இங்கே அது நோய்க்கிருமியை விட்டுவிட்டுத் தயிரை உறைய வைக்கும் கிருமியைத் தின்றுகொண்டிருக்கிறதா?

அடுத்த தோட்டத்திலிருந்து நல்ல உறைமோர் வாங்கி வந்தான். மூன்று குவளைகளைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி உறை விட்டான். ஒன்றை அப்படியே விட்டான். இரண்டாவதில் கெட்ட பானையின் தண்ணீர் ஒரு கரண்டி. மூன்றாவதில் அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு கரண்டி. மறுநாள் இரண்டாவது மட்டும் உறையவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது: கெட்ட பானையில் இருப்பது உறையைக் கெடுக்கிறது, கொதித்தால் செத்துப்போகிறது. ஆனால் சந்தனசாமியின் மாடு வற்றிப்போயிருந்தது. பால் இருந்தது காளியம்மாவிடம்தான்.

அவள் வாசலில் போய் நின்றான். கண்ணுக்குத் தெரியாத வைரஸைப் பற்றி விளக்க ஆரம்பித்தான்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றாள் காளியம்மா. "அத்தனை பேர் முன்னால கேட்டீங்க. அவங்க இன்னும் என்னைத் தண்ணிப்பால்காரின்னுதான் சொல்றாங்க. அங்க வந்து சொல்லுங்க."

சொன்னான். கட்டில்களுக்கு நடுவே நின்று, "அந்தம்மா பால்ல குத்தமில்ல. குத்தம் நம்ம சமையல்கட்டுல. தெரியாம நான் பேசிட்டேன்" என்றான். ஓரத்தில் படுத்திருந்த வீரமுத்து, "தயிர் எப்ப வரும் ஐயா?" என்று கேட்டான்.

காளியம்மா பால் கொடுத்தாள். யூஜின் கரண்டி, வடிதுணி, பானை எல்லாவற்றையும் கொதிநீரில் வேகவைத்தான், சமையல்கட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தான். தயிர் கட்டியாக உறைந்தது. வீரமுத்து எழுந்து உட்கார்ந்தான்.

மாதம் முடிவதற்குள் பானைத் தயிர் மறுபடியும் உறையாமல் தண்ணீரானது. அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது, எதில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. யூஜின் கரண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"அடிச்சு என்னங்க ஆகப்போகுது?" காளியம்மா பானையைக் கவிழ்த்தாள். "அடுத்த தோட்டத்துக்குப் போய் உறைமோர் வாங்கிட்டு வாங்க. நான் அடுப்பு மூட்டுறேன்."